வழி காட்டியவன் பெயர் என்ன?

(காஞ்சிபுரத்தில் நடைபெற்ற தமிழன்பர் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



திரைப்படத்தைப் பற்றித் தமிழ் மேடையில் பேசுதல் தகுமோ என்று ஐயுறுவார் சிலர் இருக்கலாம். வேறு ஊர்களில் அவ்வையம் எழலாம். காஞ்சியில் எழுதல் கூடாது. இந்நகரின் நெசவாளர் குடும்பத்தில் 1909-ஆம் ஆண்டு தோன்றிய அறிஞர் அண்ணா, 'நல்லதம்பி', 'வேலைக்காரி' என்னும் திரைப்படங்களுக்கு 1949-இல் எழுதினார். மேடையின் முன் கூடுவோர் ஆயிரவர் என்றால், திரையின் முன் கூடுவோர் பன்னூறாயிரவர் என்பதை அவர் அறிந்திருந்தார். திரை ஒரு படைக்கலம். அதனை ஏந்தியவன் எவன், அதன் கூர்முனை எவர் நெஞ்சை நோக்கியிருக்கிறது என்பனவே ஆராயத்தக்கவை.

வெள்ளையர் நாடு பிடித்த காலத்தில் ஆப்பிரிக்காவினுள் நுழைந்த நாடாய்வாளர்களையும், அவர்கள் அம்மண்ணின் மக்களை நடத்திய முறையையும் திரைப்படங்கள் எவ்வாறு காட்டின என்பதே இன்றைய உரைப்பொருள். ஆப்பிரிக்கர் கதை தமிழர்க்கு எற்றுக்கு என்பார் வரலாற்றைப் புரட்டிப் பார்க்கட்டும். 1860-ஆம் ஆண்டு நவம்பரில் 'துரூரோ' என்னும் கப்பல், சென்னையிலிருந்து ஒப்பந்தக் கூலியாள்களை ஏற்றிச்சென்று தென்னாப்பிரிக்காவின் தர்பன் கரையில் இறக்கியது. கருப்பினத்தாரின் நிலத்தைப் பறித்தவர்கள், அந்நிலத்தில் கரும்பு வெட்டுதற்குத் தமிழரின் தோள்களை விலைக்கு வாங்கினர். தில்லையாடி வள்ளியம்மை சிறைக்கொடுமையால் நோயுற்று 1914-இல் தம் பதினாறாம் அகவையில் உயிர் துறந்ததும் அம்மண்ணிலேதான். ஒரே சாட்டையின் கீழ் நின்ற இரண்டு இனங்களுள் ஓரினத்தின் கதையை மற்றோரினம் அறியாதிருத்தல் அறமாகாது.

திரை சொன்னதும் சொல்லாததும்

1939-ஆம் ஆண்டு அமெரிக்காவில் 'சுடான்லியும் இலிவிங்சுடனும்' என்றொரு படம் வெளிவந்தது. என்றி கிங்கு இயக்கிய அப்படத்தில் சுபென்சர் திரேசி என்னும் புகழ்பெற்ற நடிகர் சுடான்லியாக நடித்தார். ஆப்பிரிக்காவின் நடுவே காணாமற் போன சமயத் தொண்டர் இலிவிங்சுடனை, செய்தித்தாளொன்றின் சார்பில் தேடிச் சென்ற சுடான்லி, 1871-இல் உசிசி என்னும் ஊரில் கண்டார். இதுவே கதை. தொண்டரின் அன்புள்ளத்தைக் கண்டு மனம் மாறிய சுடான்லி, அவர்தம் பணியைத் தொடர்வதற்காக மீண்டும் ஆப்பிரிக்காவை நோக்கிச் செல்கிறார் என்று படம் முடிகிறது. கொட்டகையை விட்டு வெளியே வருவோர் கண்களைத் துடைத்துக்கொண்டுதான் வருவர்.

சுடான்லி மீண்டும் ஆப்பிரிக்கா சென்றது உண்மை. சென்று செய்தது என்ன? 1875-இல் விக்டோரியா ஏரியிலுள்ள பும்பிரே என்னும் தீவின் கரையில் திரண்டு நின்ற மக்களைப் படகுகளிலிருந்து சுட்டு வீழ்த்தினார். அதனை அவரே செய்தித்தாளுக்கு எழுதியனுப்பினார். படித்த இங்கிலாந்திலேயே கண்டனக் குரல் எழுந்தது. 1879 முதல் 1884 வரை பெல்சிய மன்னன் இரண்டாம் இலியோபோல்டின் ஊதியம் பெற்றுக் காங்கோ ஆற்றங்கரையில் பாதை வெட்டினார், தங்கல்கள் அமைத்தார். அப்பகுதித் தலைவர்களிடம், அவர்கள் படித்தறிய இயலாத தாள்களில் ஒப்பம் பெறப்பட்டது. 1885-இல் அப்பெருநிலம் முழுவதும் ஒரு தனி மன்னனின் உடைமையாயிற்று. காட்டிலிருந்து போதிய இரப்பர் கொண்டுவராத ஊர்களில் மக்களின் கைகள் வெட்டப்பட்டன. 1908 வரையில் அக்கொடுமை நீடித்தது. 'பணியைத் தொடர்ந்தார்' என்னும் இரண்டு சொற்களுக்குள் திரைப்படம் புதைத்துவிட்ட வரலாறு இது.

இங்கே ஒன்றை எண்ணிப் பார்த்தல் வேண்டும். அக்கொடுமையை உலகுக்கு உணர்த்தியதும் ஒளிப்படக் கருவியே. அலைசு ஆரிசு என்னும் சமயத் தொண்டர் பெண்மணி, தன் சிறுமகளின் வெட்டுண்ட கையையும் காலையும் முன்னே வைத்துக்கொண்டு வெறித்து நோக்கியிருந்த தந்தை ஒருவரை 1904-இல் படம் பிடித்தார். அத்தந்தையின் பெயர் நசாலா. இருட்டறையில் விளக்கொளிகொண்டு வெண்திரையில் காட்டப்பெற்ற அத்தகைய படங்கள் ஐரோப்பிய, அமெரிக்க மக்களின் மனச்சான்றை உலுக்கின. ஆதலின் கருவியின்மேல் குற்றம் இல்லை. அது எவர் பக்கம் நின்று எவரை நோக்குகிறது என்பதிலேயே அறமும் மறமும் அடங்கியுள்ளன.

சுமந்தவர் பெயர்கள்

நாடாய்வாளர் படம் எதனையும் எடுத்துக்கொள்க. முன்னே தொப்பியணிந்த வெள்ளையர் நடப்பார். பின்னே தலைச்சுமையோடு நீண்ட வரிசை. அவ்வரிசையில் வருவோர்க்குப் பெயரில்லை, ஊரில்லை, தாய் தந்தையரில்லை. பாறையிலிருந்து ஒருவன் வழுக்கி விழுந்தால், போன சுமைக்கு வருந்துவரேயன்றிப் போன உயிருக்கு வருந்துவாரில்லை. ஆனால் வரலாற்றில் அவர்களுக்குப் பெயர் உண்டு.

சிதி முபாரக் பம்பாய் என்பவர் ஒருவர். 1820-ஆம் ஆண்டையொட்டிக் கிழக்காப்பிரிக்காவின் யாவோ இனத்தில் பிறந்தவர். சிறுவனாக இருக்கையில் அடிமை வாணிகரால் பிடிக்கப்பட்டு இந்தியாவின் மேலைக்கரையில் விற்கப்பட்டார். தலைவன் இறந்தபின் விடுதலை பெற்றுத் தம் மண்ணுக்கு மீண்டார். அவர் பெயரோடு பம்பாய் ஒட்டிக்கொண்டது இவ்வாறுதான். 1857-இல் பர்ட்டன், சுபீக்கு ஆகிய ஆங்கிலேயர் இருவர்க்கும் அவர் துணையாகச் சென்றார். பின்னர்ச் சுபீக்கும் கிராண்டும் நைல் ஆற்றின் ஊற்றைத் தேடியபோதும், சுடான்லி இலிவிங்சுடனைத் தேடியபோதும், கேமரான் கண்டத்தைக் குறுக்கே கடந்தபோதும் கூட்டத்தை நடத்திச் சென்றவர் அவரே. சுபீக்குக்கு ஆப்பிரிக்க மொழிகள் தெரியா. பம்பாய்க்கு ஆங்கிலம் தெரியாது. இருவரும் இந்தியாவில் கற்ற இந்துத்தானியில் பேசிக்கொண்டனர். அவர் வாயும் செவியும் இல்லையேல் அந்த ஆங்கிலேயர் ஊமையராகவும் செவிடராகவும் நின்றிருப்பர். 1990-இல் 'திங்கள் மலைகள்' என்னும் பொருள்படும் பெயரில் பர்ட்டன், சுபீக்கு கதையைப் படமாக்கினர். அதில் பம்பாய் ஒரு கதைமாந்தராக வருகிறார். அந்த அளவில் மகிழ்ச்சியே. ஆயினும் படத்தின் உயிர் இரண்டு ஆங்கிலேயரின் நட்பும் பகையுமே. நான்கு பெரும்பயணங்களின் முதுகெலும்பாக நின்றவர் திரையின் ஓரத்திலேதான் நிற்கிறார்.

இலிவிங்சுடன் 1873-இல் இன்றைய சாம்பியா நாட்டிலுள்ள சித்தாம்போ என்பாரின் ஊரில் இறந்தார். அவருடன் இருந்தோர் அவர் நெஞ்சாங்குலையை அங்கேயே ஒரு மரத்தடியில் புதைத்தனர். உடலை வெயிலில் உலர்த்திப் பொதிந்து, ஏறத்தாழ 1,600 அயிரமாத்திரி, அதாவது ஆயிரம் கல் தொலைவு, மாதக்கணக்கில் தோள்மேல் சுமந்து கடற்கரை சேர்த்தனர். வழியில் அவர்களுட் சிலர் மாண்டனர். அவர்களை நடத்தியவர்கள் சூசி, சூமா என்னும் இருவர். மரத்தில் இறந்தவர் பெயரைச் செதுக்கி இறுதி வழிபாடு நடத்தியவர் யாக்கோபு வேயின்ரைட்டு. அடிமைத்தளையினின்று மீட்கப்பட்டு நம் நாட்டின் நாசிக்கில் கல்வி கற்ற ஆப்பிரிக்க இளைஞர். 1874-இல் இலண்டனில் உடல் அடக்கம் செய்யப்பட்டபோது அவர் உடனிருந்தார். சூசியும் சூமாவும் அடக்கம் முடிந்தபின்னரே அந்நாடு சென்று சேர்ந்தனர்.

பெருமக்களே! கண்டுபிடித்த கதைக்குக் கோடிக்கணக்கில் பொருள் செலவிட்ட திரையுலகம், சுமந்து சேர்த்த கதையைத் தன் பெருங்காப்பியமாகக் கொள்ளவில்லை. அன்பும் துணிவும் அறிவும் ஒருங்கே திரண்ட கதை எது என்று காஞ்சியின் கூலித் தொழிலாளி ஒருவரைக் கேட்டால் நொடியில் சொல்லிவிடுவார்.

நாவைப் பறித்தல்

நிலத்தைப் பறித்தவன் அடுத்துப் பறிப்பது பெயரை. சாம்பேசி ஆற்றின் பேரருவியை அம்மக்கள் 'முழங்கும் புகை' என்னும் பொருளுடைய 'மோசி ஓவா துன்யா' என்ற அழகிய பெயரால் வழங்கினர். 1855-இல் அதைக் கண்ட இலிவிங்சுடன் தம் அரசியின் பெயரைச் சூட்டினார். பேரேரிக்கும் 1858-இல் சுபீக்கு அதே அரசியின் பெயரையே வைத்தார். அறிந்தவன் வைத்த பெயர் அழிந்தது. அறியாதவன் வைத்த பெயர் நிலப்படத்தில் ஏறியது.

மூன்றாவதாகப் பறிபோவது மொழி. தமிழ்நாட்டுக் கொட்டகைகளிலும் ஓடிய தார்சான் படங்களை நினைவுகூர்க. குரங்குகளால் வளர்க்கப்பெற்ற வெள்ளைப்பிள்ளை காட்டுக்கே வேந்தனாவான். வழிவழியாக அக்காட்டில் வாழ்வோரோ பொருளற்ற கூச்சலிட்டு ஓடுவர். உயர்ந்த இலக்கணம் கொண்ட மொழிகள் திரையில் ஊளையாகிவிட்டன. 1935-இல் வந்த 'ஆற்றங்கரைச் சாண்டர்சு' என்னும் ஆங்கிலப் படத்தில், உலகறிந்த கருப்பினப் பாடகர் பால் இராபசன் நடித்தார். தம் முன்னோரின் பண்பாட்டை உலகுக்குக் காட்டும் படமென நம்பி நடித்த அவர், முடிந்த படம் வெள்ளை அலுவலரின் ஆட்சிக்குப் புகழ்பாடுவதாக அமைந்தது கண்டு மனம் நொந்தார். அதே படத்தில் பெயரற்ற கூட்டத்துள் ஒருவராக நின்றவர் சோமோ கென்யாத்தா. பிற்காலத்தில் விடுதலை பெற்ற கென்யாவின் முதற் குடியரசுத் தலைவர்! ஒரு நாட்டின் தலைவரே கூட்டத்தில் நின்றாலும் அத்திரையின் கண்ணுக்கு அவர் வெறுங்கருப்பராகவே தெரிந்தார்.

இதற்கு விடையிறுத்தவர் செனகல் நாட்டின் உசுமான் செம்பேன். துறைமுகத்தில் சுமை தூக்கிய தொழிலாளி. பிரெஞ்சு மொழியில் புதினங்கள் எழுதிப் புகழ் பெற்றவர். தம் மக்களுட் பெரும்பாலோர் அம்மொழியைப் படிக்க இயலாதவர் என்பதை உணர்ந்து திரைக்கலை பயின்றார். 1968-இல் 'மண்டாபி' என்னும் படத்தைத் தம் மக்கள் பேசும் வோலோபு மொழியிலேயே எடுத்தார். அவருடைய 'செட்டோ' என்னும் 1977-ஆம் ஆண்டுப் படத்துக்கு அந்நாட்டரசு தடை விதித்தபோது, அப்பெயரில் 'ட' ஒலிக்குரிய எழுத்தை இரட்டித்து எழுதியது அரசாணைக்கு மாறானது என்று சாக்குச் சொல்லப்பட்டது. தம் மொழியின் ஓரெழுத்தையும் விட்டுக்கொடுக்க அவர் உடன்படவில்லை. எழுத்துக்கும் சொல்லுக்குமாகப் போராடிய தமிழ்மண், அக்கருப்பினக் கலைஞரைத் தன் உடன்பிறப்பாகக் கொள்ளத் தடை என்ன?

காஞ்சியின் தறியும் காஞ்சியின் பெயரும்

கோர்வைப் புடவை நெய்வதை இவ்வூரார்க்கு விளக்க வேண்டுவதில்லை. உடலுக்கு ஒரு நாடா, கரைகளுக்கு வேறு நாடாக்கள். ஒருபுறக் கரைக்குரிய நாடாவை எறிந்து வாங்கத் தறியருகே துணையாள் ஒருவர் அமர்ந்தாக வேண்டும். அக்கை ஓய்ந்தால் கரை உடலோடு சேராது. ஆனால் புடவை விற்பனைக்குச் செல்லும்போது துணையாளின் பெயரோ நெய்தவர் பெயரோ அதனோடு செல்வதில்லை. கடையின் பெயரே செல்கிறது. சிதி பம்பாயின் நிலையை இதனினும் தெளிவாக விளக்கும் நூல் வேறில்லை.

ஊர்ப்பெயரின் கதையும் அத்தகையதே. கச்சி என்றும் காஞ்சி என்றும் தமிழ் வழங்கிய பெயரை ஆங்கிலேயர் 'கான்சீவரம்' என்று திரித்தனர். இன்றும் வெளிநாட்டு வாணிகத்தில் அத்திரிபே பட்டின் பெயராக உலவுகிறது. இவ்வூர் நெசவாளரின் வறுமையைக் காட்டிப் பிரியதர்சன் இயக்கிய படம் 2008-இல் வெளிவந்தது. மகளின் திருமணத்துக்குப் பட்டுப்புடவை நெய்துதர விரும்பிப் பட்டு நூலை மறைத்தெடுக்கும் நெசவாளியின் கதை. இந்திய அரசின் சிறந்த படத்துக்கான விருதும், பிரகாசுராசு அவர்களுக்குச் சிறந்த நடிகர் விருதும் பெற்றது. நெய்தவனுக்கு உடுத்தும் உரிமை இல்லாமையை நெஞ்சு பதறக் காட்டிய அப்படத்துக்கும் இடப்பட்ட பெயர் 'காஞ்சிவரம்'! உள்ளம் தமிழனுடையதாக இருந்தும், பெயர்ப்பலகையில் திரிபின் நிழல் படிந்துவிட்டது.

தமிழ்த்திரையின் குற்றம்

அயலார் செய்த குற்றத்தை அடுக்கிவிட்டு அமர்ந்துவிடுதல் எளிது. தன் வீட்டு முற்றத்தைப் பார்ப்பதே அறிவுடைமை.

2009-இல் வந்த 'அயன்' படத்தில் காங்கோ நாடு வருகிறது. இலியோபோல்டு சூறையாடிய அதே காங்கோ! தமிழ்க் கதைத்தலைவன் அங்கே வைரம் கடத்தச் செல்கிறான். அந்நாட்டு மக்கள் அவனைத் துரத்தி அடிவாங்கும் முரடர்களாகத் தோன்றுகின்றனர். 2013-இல் வந்த 'சிங்கம் 2' படத்தில் போதைப்பொருள் கடத்தும் கொடியவன் ஆப்பிரிக்கக் கருப்பினத்தான். கருநிறத்தை நகைச்சுவைக்கு இரையாக்கும் படங்கள் எண்ணில. கருமையைத் தன் நிறமாகக் கொண்ட இனம், கருமையை இழித்துச் சிரிக்கும் கொடுமையை எந்த வெள்ளையர் வந்து கற்பித்தார்?

2010-இல் வந்த 'ஆயிரத்தில் ஒருவன்' இன்னும் ஆழ்ந்து நோக்கத்தக்கது. மறைந்துபோன சோழர் வழியினரைத் தேடிக் கடல்கடந்து செல்லும் கூட்டம், உடன் படைஞர், சுமைதூக்கும் கூலியாள்கள். அச்சு அசலான நாடாய்வாளர் கதை. தேடிக் கண்ட தமிழர், பழைய ஆங்கிலப் படங்களில் ஆப்பிரிக்கரைக் காட்டிய அதே கோலத்தில், கரிபூசிய உடலோடும் வெறிகொண்ட விழியோடும் காட்டப்பட்டனர். வெள்ளையர் வடித்த வார்ப்பில் தமிழரே தம் முன்னோரை ஊற்றிப் பார்த்தனர். எனினும் செல்வராகவனின் அப்படம் துணிந்து இரண்டைச் செய்தது: கதைத்தலைவன் கூலியாள்களின் தலைவனே; தேடி வந்த கூட்டத்தின் படை, தேடிக் கண்ட மக்களைச் சிதைப்பதையும் அது மறைக்கவில்லை.

2011-இல் வந்த 'ஏழாம் அறிவு' காஞ்சிக்கே உரியது. பல்லவர் காஞ்சியினின்று சீனம் சென்ற போதிதருமர், நோய் தீர்த்துப் போர்க்கலை கற்பித்ததாக அப்படம் காட்டியது. தமிழர் நெஞ்சு நிமிர்ந்தது, நிமிரலாம். ஆனால் அங்கே சீன ஊரார் பெறுபவராகவும், அஞ்சுபவராகவும், இறுதியில் நஞ்சிடுபவராகவுமே வருகின்றனர். இலிவிங்சுடன் படத்தில் ஆப்பிரிக்கர்க்கு இழைக்கப்பட்டது குறையென்றால், போதிதருமர் படத்தில் சீனர்க்கு இழைக்கப்பட்டதும் குறையே. துலாக்கோல் தன் பக்கம் சாய்ந்தால் அது துலாக்கோலன்று. பயணம் குற்றமன்று, ஏழாம் நூற்றாண்டில் சீனத்துறவி யுவான் சுவாங்கு இதே காஞ்சிக்கு வந்தார். கற்க வந்தார், ஊருக்குப் புதுப்பெயர் சூட்ட வரவில்லை.

நன்னெறியும் தெரிகிறது

தமிழ்த்திரையில் மாற்றுவழியும் உண்டு. 1959-இல் வெளிவந்த 'வீரபாண்டிய கட்டபொம்மன்', வரி கேட்ட வெள்ளையனைப் பாஞ்சாலங்குறிச்சியின் கண்கொண்டு பார்த்தது. 1960-இல் கெய்ரோவில் நடைபெற்ற ஆசிய ஆப்பிரிக்கத் திரைப்பட விழாவில் சிவாசி கணேசனுக்குச் சிறந்த நடிகர் பரிசு கிடைத்தது. அடிமைப்பட்ட தமிழனின் சினத்துக்கு ஆப்பிரிக்க மண்ணில் மாலை விழுந்தது!

2024-இல் வந்த பா. இரஞ்சித்தின் 'தங்கலான்', கோலார்ப் பொன்னைத் தேடும் ஆங்கிலேயனையும், அவனுக்கு வழிகாட்டிச் செல்லும் வடஆர்க்காட்டு உழைக்கும் மக்களையும் காட்டுகிறது. பொன்னைத் தேடியவன் பெயர் படத்தின் பெயராகவில்லை. வழி காட்டியவன் பெயரே படத்தின் பெயர். நாடாய்வாளர் கதையைத் தலைகீழாகத் திருப்ப இந்த ஒரு மாற்றமே வழிசெய்தது.

இளைஞர்களே! இனி எந்தப் படத்தைக் காணினும் மூன்று வினாக்களை எழுப்புக. சுமப்பவனுக்குப் பெயர் உண்டா? அவன் பேசும் மொழிக்குப் பொருள் உண்டா? ஊருக்கும் ஆற்றுக்கும் அம்மண்ணின் மக்கள் இட்ட பெயர் உண்டா? மூன்றுக்கும் இல்லை என்னும் விடை வருமாயின், அதை எடுத்தவன் வெள்ளையனாயினும் தமிழனாயினும் அப்படம் அடிமை வாணிகத்தின் எச்சமே. கொட்டகையை விட்டு வெளியே வந்ததும் அதனை வாய்விட்டுச் சொல்லுக, இயக்குநருக்கு எழுதுக, பள்ளியில், தறிக்கூடத்தில், தேநீர்க்கடையில் எடுத்துரைக்க.

தமிழ்த் திரைக்கலைஞர்களுக்கும் ஒரு வேண்டுகோள். சூசியையும் சூமாவையும், இந்திய மண்ணில் அடிமையாய் வளர்ந்து நைல் ஆற்றுக்கு வழி காட்டிய சிதி முபாரக்கையும் தமிழில் படமாக்கும் நாள் வரட்டும். நெய்தவன் பெயரைப் புடவையில் காண விரும்பும் காஞ்சி, நடந்தவன் பெயரைத் திரையில் காண விரும்பாதிருக்குமோ? தன் பெயருக்காகப் போராடும் இனம் பிறர் பெயரையும் போற்றும்போதே அதன் போராட்டம் முழுமை பெறும்.

வாழ்க தமிழ்! வெல்க மாந்தநேயம்!